மீட்டருக்கு முக்காடு

1. 2004-இல், சுனாமிக்கு முந்தைய மாதம், சிதம்பரத்தில் நான் படித்த பாலிடெக்னிக்கில் செய்முறைத் தேர்வு. மீட்டர் 0.3 வோல்ட் காட்டியது. 0.3 என்று எழுதினேன்.

2. எங்கள் லேப் சார் அதைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். 0.7 வர வேண்டும் என்றார். மீட்டரைப் பார்க்கவில்லை.

3. மறுபடி எடுத்தேன். மறுபடியும் 0.3 வந்தது. மறுபடியும் அதையே எழுதினேன்.

4. அதே போர்டில் எனக்கு முன்னால் செய்தவனும் பின்னால் செய்தவளும் 0.7 என்று எழுதினார்கள். அவர்களுக்கு முழு மதிப்பெண். எனக்கு பாஸ் மட்டும்.

5. டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதற்கான தரவரிசை வந்தபோது, நான் கேட்ட கல்லூரி அந்த ஒரு பாடத்தில் குறைந்த மதிப்பெண் அளவுக்குத் தள்ளிப் போயிருந்தது.

6. 2006-இல் சான்றிதழ் வாங்கப் போன அன்று அந்த போர்டைக் கழற்றிப் பார்த்தேன். நான் எழுதியதுதான் சரி.

7. போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் சாரிடம் சொன்னேன். அவர் ஒரு பதில் சொன்னார்.

8. 2009-இல் கடலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். 2010 நவம்பரில் எங்கள் லேப் தேர்வுக்கு எக்ஸ்டெர்னலாக, அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளராக, அவர் வந்தார்.

இதில் ஏழாவதுதான் முக்கியம். முதல் ஆறும் யாருக்கும் நடக்கக்கூடியவை. ஏழாவது மட்டும் நடக்காமலிருந்தால் எட்டாவதை நான் ஒரு சாதாரண நாளாகக் கடந்திருப்பேன். உட்கார வைத்து, காபி கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பியிருப்பேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: டையோடு என்பது மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் சிறிய உறுப்பு. ஓரளவு வோல்ட் கொடுக்கும்வரை கிட்டத்தட்ட எதையும் விடாது. அந்த அளவைத் தாண்டியதும் தாராளமாக விடும். கிராப்பில் வரைந்தால் முழங்காலை மடக்கியது போல ஒரு வளைவு வரும். சிலிகானில் செய்த டையோடு என்றால் வளைவு 0.7 பக்கம் வரும். ஜெர்மானியம் என்றால் 0.3 பக்கம். இரண்டும் பாடப்புத்தகத்தில் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன.

எங்கள் லேபில் டையோடு கண்ணுக்குத் தெரியாது. ஒரு பலகைப் பெட்டி, மேலே டையோடின் குறியீடு வரைந்திருக்கும், ஒயர் சொருக இரண்டு ஓட்டைகள். உறுப்பு உள்ளே. திருகைக் கழற்ற மாணவர்களுக்கு அனுமதி கிடையாது. எப்போதோ உள்ளே இருந்தது எரிந்துபோய், யாரோ கையில் கிடைத்த ஜெர்மானியத்தை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த எல்லா பேட்சும் 0.3-ஐப் பார்த்துவிட்டு 0.7 என்று எழுதி வந்திருக்கிறது. யாரும் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. ரெக்கார்டு நோட்டில் ஒட்டியிருக்கும் மாடல் கிராப்பில் 0.7 என்று இருந்தது. சீனியர் ரெக்கார்டில் 0.7. மீட்டர் என்ன காட்டினால் என்ன, மீட்டர்தான் பழசு.

எனக்குத் தேர்வு அன்று மாலையே, கடலூரில் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், புதுச்சத்திரம் தாண்டும்போது சந்தேகம் வந்துவிட்டது. உறுதி செய்துகொள்ளத்தான் இரண்டு வருடம் ஆனது. சான்றிதழ் வாங்கப் போன நாளில் லேப் திறந்திருந்தது, ஆளில்லை. டெஸ்டர் மேசை மேலேயே கிடந்தது. கழற்றினேன்.

ஸ்டாஃப் ரூமில் சார் பஜ்ஜியைச் செய்தித்தாளில் அழுத்தி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். போர்டைத் திருப்பிக் காட்டி, "சார், இது ஜெர்மானியம்" என்றேன். எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"சரி, ஜெர்மானியம்னே வச்சுக்க. மாடல் கிராப்பு சிலிகானுக்குத்தான இருக்குது? நீ மாடல் கிராப்புக்குத்தான வரைஞ்சிருக்கணும்?"

"மீட்டர்ல வரலியே சார்."

"மீட்டரா உனக்கு மார்க் போடுது?" பக்கத்திலிருந்த சார்கள் சிரித்தார்கள். "போ, போர்டை எடுத்த எடத்துல வையி. பொம்பளப்புள்ள, திருகுலாம் கழட்டிக்கிட்டு."

வைத்துவிட்டு வந்தேன். இதுதான் அந்தப் பதில். அவர் தவறு செய்தவர் என்பது எனக்குப் பெரிதாக இல்லை. சரி எது என்று காட்டிய பிறகும், தான் எப்படி யோசித்தோம் என்று ஒரு நொடிகூடத் திரும்பிப் பார்க்காத அந்த நிம்மதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒருநாள் அந்த நிம்மதியை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அவர் வாயாலோ கையாலோ "நான் பார்க்கவில்லை" என்று வர வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

கடலூரில் வேலைக்குச் சேர்ந்ததும் எனக்குக் கொடுத்தது அதே லேப்தான். எலெக்ட்ரானிக் டிவைசஸ், இரண்டாம் ஆண்டு. நான் நடத்திய முறையைப் பற்றிப் பிற்பாடு சில பேர் நல்லவிதமாகப் பேசினார்கள். மாணவர்களுக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுக்கிறார் என்றார்கள். அந்த முறை அன்பில் பிறந்ததல்ல. அந்த சாரால் எதைச் செய்ய முடியாதோ அதைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக மாணவர்களுக்குப் பழக்கினேன்.

எல்லோரும் ஒரு கர்சீப் கொண்டுவர வேண்டும். ஸ்விட்ச் போடுவதற்கு முன் மீட்டரின் முகத்தைக் கர்சீப்பால் மூட வேண்டும். என்ன வரும் என்று நினைக்கிறார்களோ அதை எழுத வேண்டும். துணியை எடுத்துவிட்டு வந்ததை எழுத வேண்டும். மூன்றாவதாக, முதலில் ஏன் அப்படி நினைத்தேன் என்று எழுத வேண்டும். மார்க் மூன்றாவதற்கு மட்டும்தான்.

முதல் வாரமே எனக்குப் பெயர் வந்துவிட்டது. முக்காடு மேடம். காரிடாரில் நடந்தால் பின்னால் யாராவது மெதுவாக, "டேய், மீட்டருக்கு வெக்கமாம்டா" என்பார்கள்.

அடுத்த வருட பேட்சில், பண்ருட்டியிலிருந்து வரும் ஒரு மாணவன், முந்திரி வியாபாரி வீட்டுப் பையன், கை தூக்கிக் கேட்டான்: "மேடம், நினைச்சதும் வந்ததும் ஒண்ணா இருந்தா மார்க் இல்லியா?"

"இல்ல. ஏன் நினைச்சேன்றதுக்குத்தான் மார்க்."

"அப்ப நான் ஜாஸ்தி தப்பா நினைக்கிறவன் மேடம். எனக்கு ஜாஸ்தி எழுத இருக்கும். எனக்கே ஜாஸ்தி போடுங்க."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவன் சொன்னது உண்மை.

மூன்றாவது வரியில் முதலில் வந்ததெல்லாம் இப்படித்தான்: புத்தகத்தில் இருக்கிறது. சீனியர் சொன்னார். பக்கத்தில் இருப்பவன் எழுதியிருந்தான். நான் ஒவ்வொன்றின் கீழும் ஒரே கேள்வியை எழுதினேன்: அவர்கள் சொன்னதை நீ எந்த இடத்தில் உன்னுடையதாக்கிக்கொண்டாய்? அவர்களுக்குக் கோபம் வந்தது. அப்பா யார் என்று விசாரிப்பது போல விசாரிக்கிறார் மேடம் என்றார்கள். துறைத் தலைவர், எச்.ஓ.டி. சார், கூப்பிட்டு, "யோசிக்கிறதுக்கு சிலபஸ்ல எத்தன பீரியடும்மா இருக்குது?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை சார் என்றேன். "அப்ப சீக்கிரம் யோசிச்சு முடிக்கச் சொல்லு" என்றார்.

முதல் பேட்ச் அப்படியே போனது. இரண்டாவது வருடம், பண்ருட்டிப் பையனின் பேட்சில், மாற்றம் தெரிந்தது. கம்மாபுரம் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வரும் ஒரு பெண் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் ஒரு தடவை சொன்னதை மறுதடவை சொல்லமாட்டாள். ஒருநாள் டிரான்ஸிஸ்டர் கணக்கில் திணறிக்கொண்டிருந்தவள், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மேடம், இங்கதான் நான் யோசிக்கிறத நிறுத்தியிருக்கேன்" என்று ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். "இதுக்கு மேல என் கைதான் எழுதியிருக்குது."

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"எங்கப்பா எனக்குக் கணக்கு வராதுன்னு சொல்வாரு மேடம். நானும் எல்லார்ட்டயும் வராதுன்னே சொல்லிட்டிருந்தேன். நேத்து பஸ்ஸுல யோசிச்சுப் பாத்தா, வராதுன்னு நான் எப்பவுமே கண்டுபிடிக்கல. அவுரு சொன்னதுதான் அது."

அவள் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியும். சேர்க்கும்போதே சொல்லியிருந்தார்: ஒரு பேப்பரில் போனாலும் நிறுத்திவிடுவேன், மாப்பிள்ளை தயாராக இருக்கிறான் என்று. இதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

அந்தப் பெண்ணிடம் நன்றாகச் சொன்னாய் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். என் மனதில் அப்போது ஓடியது வேறு. இவளை அந்த சார் முன்னால் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வருடமும் எல்லா மாணவர்களையும் அப்படித்தான் பார்த்தேன். யார் தாங்குவார்கள், யார் உடைவார்கள்.

அக்டோபர் கடைசியில் எக்ஸ்டெர்னல் பட்டியல் வந்தது. எங்கள் லேபுக்கு நேராக அவர் பெயர். கல்லூரி சார்பில் உடனிருக்கும் இன்டெர்னல் நான். கையில் வைத்திருந்த டீ ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். என் லேபில் சிலிகான் போர்டுகளும் இருந்தன, ஜெர்மானியம் போர்டுகளும் இருந்தன. நானே வாங்கி வைத்தவை. மாணவர்கள் இரண்டிலும் பழகியவர்கள். சிலபஸ் 'டையோடின் குணாம்சம்' என்று மட்டும்தான் சொல்கிறது, எந்த டையோடு என்று சொல்லவில்லை. தேர்வில் எதை வைப்பது என்பது இன்டெர்னலின் உரிமை. ஜெர்மானியத்தை வைத்தேன். இதில் விதிமீறல் எதுவும் இல்லை என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

தேர்வு நாள் காலை அவர் எங்கள் கேட்டில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். தொப்பை கொஞ்சம் கூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றார்.

"நீ நம்ம ஸ்டூடண்டாச்சே?"

"ஆமா சார்."

"பாத்தீங்களா!" என்று எச்.ஓ.டி. சாரின் தோளைத் தட்டினார். "எந்தக் காலேஜுக்குப் போனாலும் நம்ம தயாரிப்பு ஒண்ணு நிக்கும்."

தயாரிப்பு காபி வாங்கிக் கொடுத்தது. மதியத்துக்கு மட்டன் பிரியாணி சொல்லியிருப்பதாகவும் சொன்னது. எக்ஸ்டெர்னலுக்கு என்ன சாப்பாடு என்பதைக் காலையிலேயே சொல்லிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மார்க் கொஞ்சம் இளகும் என்று நம்பிக்கை.

மாணவர்கள் சீட்டு எடுத்தார்கள். மடித்த சீட்டில் எந்தச் சோதனை வருகிறதோ அதைச் செய்ய வேண்டும். டையோடு சீட்டைக் கம்மாபுரத்துப் பெண் எடுத்தாள். சீட்டை மடித்தவள் நான்தான்; ஆனால் யாருக்கு எது என்று மடிக்கவில்லை. அவள் கையில் அதைப் பார்த்தேன். மாற்றிக்கொடுக்க வழி இருந்தது. மாற்றவில்லை.

அவள் கர்சீப்பை மீட்டர்மேல் போட்டாள், எழுதினாள், எடுத்தாள், எழுதினாள். கிராப் வரைந்தாள். சார் மேசை மேசையாக வந்தார். அவள் கிராப்பைப் பார்த்ததும் பேனா தாள்மேல் இறங்கிவிட்டது.

"என்னம்மா இது, ஸீரோ பாயிண்ட் த்ரீ? ரீடிங் எடுத்தியா, கனவு கண்டியா?"

"எடுத்தேன் சார்."

"ஸீரோ பாயிண்ட் செவன் வரணும்."

"நானும் அதான் மொதல்ல எழுதினேன் சார். ரெக்கார்டுல சிலிகான் கிராப்பு கடைசியா வரைஞ்சதால அதே மனசுல இருந்திச்சு. மீட்டர் பாத்ததும் உள்ள இருக்குறது ஜெர்மானியம்னு எழுதியிருக்கேன். மூணாவது வரி சார்."

"மூணாவது வரியா? என்னா கதை எழுதி வச்சிருக்கற?"

பக்கத்து மேசையில் பண்ருட்டிப் பையன் ஒயரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

"சார், மீட்டர் இன்னும் ஆன்லதான் இருக்குது" என்றாள் அவள். பிறகு, நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றைச் செய்தாள். கர்சீப்பை எடுத்து மறுபடியும் மீட்டர்மேல் போட்டாள். "நீங்க என்னா வரும்னு நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க சார். நான் துணிய எடுக்குறேன்."

அவள் குரலில் திமிர் இல்லை. லேபில் தினமும் பக்கத்து மேசையோடு செய்வதைத்தான் அவரோடும் செய்தாள். அவருக்கு அது புரிய நியாயமில்லை.

"எனக்கே பாடம் எடுக்குறியா?" என்றார். கர்சீப்பைத் தொடவில்லை. எடுக்கச் சொல்லவும் இல்லை. திரும்பி என் மேசைக்கு வந்து உட்கார்ந்து மதிப்பெண் தாளை இழுத்தார். ரீடிங்குக்குப் பூஜ்யம். கிராப்புக்குப் பூஜ்யம். வைவாவுக்கு, வாய்மொழிக் கேள்விக்கு, பேருக்கு ஏதோ. கூட்டினால் பாஸுக்குக் கீழே. பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். போர்டில் ஜெர்மானியம் என்று முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பூஜ்யம் விழுந்திருக்காது. கையெழுத்து காயட்டும் என்று காத்திருந்தேன். காய்ந்ததும் எழுந்து போய் அவள் மேசையிலிருந்த போர்டை எடுத்துவந்து, டெஸ்டரால் நாலு திருகையும் கழற்றி, திருப்பி அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடிக் குழாய் போன்ற அந்தச் சின்ன உறுப்பில் ஜெர்மானிய டையோடின் எண் தெளிவாகத் தெரிந்தது.

"ஜெர்மானியம் சார். அவ ரீடிங் சரி."

வெகு நேரம் பார்த்தார். தேர்வு முடிந்து மாணவர்கள் வெளியே போனார்கள். போன பிறகு, "சரி வுடும்மா, மாத்திடலாம்" என்றார். பூஜ்யங்களை அடித்து முழு மதிப்பெண் போட்டார்.

மதிப்பெண் தாளில் அடித்துத் திருத்தினால் பக்கத்தில் காரணம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் எழுதும் காரணம் ஒன்றுதான்: கூட்டல் பிழை. பல வருடங்களாக எல்லா கல்லூரிகளிலும் எல்லாத் தவறும் கூட்டல் பிழைதான். அவரும் அதையே எழுதி என் பக்கம் தள்ளினார்.

"கூட்டல்ல தப்பு இல்ல சார்" என்றேன். "நீங்க கூட்டினது சரியாத்தான் இருந்துச்சு."

"வழக்கமா எழுதறதுதானம்மா."

"நடந்ததை எழுதுங்க சார். மீட்டரைப் பாக்காம போட்டேன்னு."

பேனாவை மூடி வைத்தார். நான் கையெழுத்துப் போடவில்லை. எச்.ஓ.டி. சார் ஓடிவந்தார். "என்னம்மா இது, மார்க் கவர் சாயங்காலத்துக்குள்ள போவணும். போவலன்னா பேட்ச் பூரா ரிசல்ட் நின்னுபோகும். புள்ளைக்கு மார்க் வந்துருச்சுல்ல? பிரியாணி வேற ஆறுது."

"ஆறட்டும் சார்."

தண்ணீர் குடிக்கக் காரிடாருக்கு வந்தேன். கம்மாபுரத்துப் பெண் தூணோரம் நின்றிருந்தாள். பஸ்ஸை விட்டுவிட்டு நின்றிருக்கிறாள்.

"மேடம், எனக்கு மார்க் போட்டாச்சா?"

"போட்டாச்சு. ஃபுல் மார்க்."

"அப்ப ஏன் மேடம் நீங்க கையெழுத்து போடலன்னு உள்ள சத்தம்?"

"அவர் எழுதின காரணம் பொய்."

"அதனால எனக்குக் கொறையுமா?"

"கொறையாது."

"அப்ப இது யாருக்கு மேடம்? நீங்கதான சொல்வீங்க, நினைக்கிறது எங்கேருந்து வருதுன்னு பாருங்கன்னு."

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. உண்மைக்காக என்று சொல்லியிருக்கலாம். வருங்கால மாணவர்களுக்காக என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் நன்றாகவே பொருந்தும்.

"எனக்கு" என்றேன்.

"கவர் போவலன்னா எங்கப்பாவுக்கு நின்னுபோனதுக்கும் ஃபெயிலுக்கும் வித்தியாசம் தெரியாது மேடம்."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"போய் ஏதாவது சாப்பிடு" என்றேன். அவள் போகவில்லை. நான் உள்ளே போனேன்.

சார் ஜன்னலோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "போர்டைத் தூக்கிக்கிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தவதான நீ?" என்றார். இப்போதுதான் சேர்த்துவைத்துப் பார்த்திருக்கிறார்.

"ஆமா சார்."

"அதுக்கா இவ்ளோ?"

"அதுக்குத்தான் சார்."

"ஒரு பொட்டப்புள்ள வாழ்க்கையை நடுவுல வச்சு வெளையாடுற."

"நீங்களும் வெளையாடினீங்க சார். நான் சரியான ரீடிங்குக்கு மார்க் வாங்கிக் குடுத்துட்டு வெளையாடறேன்."

எச்.ஓ.டி. சார், "போதும்மா, வுட்டுடு" என்றார். யாரும் விடவில்லை. சுவரில் மின்விசிறி சுற்றியது. உறை, அரக்கு, மெழுகுவர்த்தி எல்லாம் மேசையில் தயாராக இருந்தன. நான் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு அவசரம் இல்லை என்பதை அவர் பார்க்க வேண்டும் என்பதற்காக அப்படி உட்கார்ந்தேன். அவசரம் இருந்தது. காரிடாரில் ஒரு பெண் நின்றிருப்பது ஒவ்வொரு நொடியும் தெரிந்தது. அவர் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்று என்னிடம் திட்டம் எதுவும் இல்லை. கூட்டல் பிழையின் கீழேயே கையெழுத்துப் போட்டிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவர் உட்கார்ந்தார். 'கூட்டல் பிழை'யை அடித்தார். மேலே, ஆங்கிலத்தில், தன் அழகான சாய்வெழுத்தில் எழுதினார். தமிழில் சொன்னால்: மீட்டரைப் பார்க்காமல் மதிப்பெண் போட்டேன். தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். எழுதும்போது காது மடல் சிவந்திருந்தது.

கீழே என் கையெழுத்தைப் போட்டேன். அரக்கு உருக்கி உறையை ஒட்டினோம். கவர் நேரத்துக்குப் போய்விட்டது. சார் சாப்பிடாமல் கிளம்பினார். நான் சாப்பிட்டேன். பிரியாணி ஆறித்தான் போயிருந்தது, எலும்பில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. இருந்தாலும் இரண்டாம் முறை வாங்கினேன்.

அப்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை. பழிவாங்கினால் மனம் வெறுமையாகும் என்று சொல்கிறவர்கள் பாதியில் விட்டவர்களாக இருக்க வேண்டும். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த செமஸ்டர் என் லேபில் அந்தப் பெண் தன் மேசையில் வேலை செய்தாள். கர்சீப்பால் மூடினாள், மூன்று வரியும் எழுதினாள், எல்லாம் ஒழுங்காக. நான் அருகில் போனபோது, "மேடம், புரியுது, நீங்க போங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு சந்தேகம் கேட்க என்னிடம் வரவில்லை. பண்ருட்டிப் பையனிடம் கேட்டாள். அவன் சொல்வது தவறாக இருந்தால், அவன் எங்கே தவறினான் என்று அவளே கண்டுபிடித்து அவனுக்குக் காட்டினாள். நான் மூன்று மேசை தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். நான் சொல்லிக்கொடுத்ததை என்னைவிட நன்றாகச் செய்தாள். நான் இல்லாமலேயே.

இது 2012. அந்தப் பெண் ஒரு பேப்பரும் போகாமல் டிப்ளமோ முடித்துவிட்டாள். நெய்வேலியில் அப்ரண்டிஸாக இருக்கிறாள், கல்யாணம் ஆகவில்லை. என்னோடு பேசுவதில்லை. சார் சிதம்பரத்தில் அதே வேலையில்தான் இருக்கிறார். எக்ஸ்டெர்னலாக மற்ற ஊர்களுக்குப் போகிறார், எங்களுக்கு வருவதில்லை. அன்றிலிருந்து என்னை இன்டெர்னலாகப் போடுவதை எச்.ஓ.டி. சார் நிறுத்திவிட்டார். லேப் வகுப்பு மட்டும் எடுக்கிறேன். சாரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை.